லாரியில் ஏறிய படகுகள்: 2018 கேரள வெள்ளத்தில் கடற்கரைப் பங்குகள் இயங்கிய விதம்

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின் படங்கள் மறுபடியும் கைபேசிகளில் வலம் வருகின்றன. லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மீன்பிடிப் படகு, அதன்மேல் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் இளைஞர்கள், சாலையோரம் நின்று கையசைக்கும் மக்கள். படங்களோடு சில கேள்விகளும் வருகின்றன. வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கக் கடலோரத்துப் படகுகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன? அழைத்தது அரசா, திருச்சபையா? மீனவர்களைப் பாராட்டும் செய்திகளில் பங்குத்தந்தைகளின் பெயர் ஏன் அடிபடுகிறது?

"மீனவர்கள் தாமாகவே கிளம்பினார்கள்" என்ற பதில் பாதிதான் சரி. அத்தனை பேர் ஒரே இரவில் கிளம்ப முடிந்ததற்குக் காரணம், கிளம்புவதற்கான ஏற்பாடு, பங்கு என்னும் கத்தோலிக்க ஊர் அமைப்பாக, அந்த ஊர்களில் பல காலமாக இருந்ததுதான். அந்த ஏற்பாட்டை விளங்கிக்கொண்டால் மீட்புப் பணியும், அதற்குப் பின் அந்தக் கடற்கரையில் நடந்தவையும் விளங்கும்.

வெள்ளம் எங்கே, கடற்கரை எங்கே

2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கமாக 1,649.5 மில்லிமீட்டர் மழை பெய்திருக்க வேண்டும். பெய்தது 2,346.6 மில்லிமீட்டர், அதாவது 42 விழுக்காடு கூடுதல். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே அணைகள் நிறைந்துவிட்டன. இடுக்கி அணைத்தொகுதியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டன. அதன்பின் ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாள்களில் மாநிலம் முழுவதும் சராசரியாக 414 மில்லிமீட்டர் கொட்டியது. நிறைந்த அணைகளுக்கு நீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பாதிப்பு மிகுந்த இடங்கள் கடலோரத்தில் இல்லை. பம்பை ஆற்றங்கரையில் ரான்னி, ஆறன்முளை, செங்ஙன்னூர், பாண்டநாடு; பெரியாற்றங்கரையில் ஆலுவா; கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாடு. செங்ஙன்னூர்ப் பகுதியில் வசதியான வீடுகள் அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வாழும் பெரிய மாடி வீடுகள். தரைத்தளம் மூழ்கியபோது அவர்கள் மாடிக்கு ஏறினார்கள். மின்சாரம் போனது. கைபேசியும் அணைந்தது. வயதானவர்களால் நீந்தவும் முடியாது, கூரைமேல் ஏறி ஹெலிகாப்டருக்குக் கைகாட்டவும் முடியாது. ஆகஸ்ட் 17 அன்று செங்ஙன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் தொலைக்காட்சி நேரலையில் அழுதபடி உதவி கேட்டதன் பின்னணி இதுதான்.

படகுகள் கிளம்பிய இடங்களில் ஒன்றான திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து செங்ஙன்னூர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே அன்றாடத் தொடர்பு என்று சொல்லும்படியாக எதுவும் கிடையாது.

பங்கு என்றால் என்ன

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஊரின் கோயிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும் சேர்த்துப் பங்கு என்கிறோம். மலையாளத்தில் அது இடவக. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள். 1544இல் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்து முக்குவர் என்ற மீனவச் சமூகத்தாருக்குத் திருமுழுக்கு அளித்ததிலிருந்து அங்கே கோயிலும் ஊரும் வேறு வேறாக இருந்ததில்லை. அரசியல் எல்லைகூட இதில் குறுக்கே வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை ஆகிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 2018இல் அந்த உயர்மறைமாவட்டத்தின் பேராயராக இருந்த சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறைக்காரர்.

உள்நாட்டில் ஒரு கோயிலுக்கு மக்கள் ஞாயிற்றுக்கிழமை போய்வருவார்கள். கடற்கரையில் நிலைமை வேறு. அங்கே பங்கு கிட்டத்தட்ட ஓர் உள்ளாட்சி அமைப்பு. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்போம்.

1. குடும்பப் பதிவேடு. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்தப் படகில் தொழிலுக்குப் போகிறார், யார் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது பங்குக்குத் தெரியும். ஒருவர் கடலிலிருந்து திரும்பாவிட்டால் முதல் தகவல் கோயிலுக்குத்தான் வரும்.

2. அன்பியங்கள். முப்பது நாற்பது வீடுகள் கொண்ட சிறு குழுக்கள் வாரந்தோறுமோ மாதந்தோறுமோ கூடி ஜெபிக்கின்றன. செய்தியைக் கொண்டுசேர்க்கவும் பொருள் திரட்டவும் இதைவிட நெருக்கமான வலை எதுவும் இல்லை.

3. பங்குப் பேரவை. கணக்கு வழக்கு, திருவிழா, தகராறு என எல்லாவற்றையும் பேசித் தீர்க்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. பல ஊர்களில் பிடித்த மீனில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது மக்களுக்குச் சுமையாகவும் இருந்தது, ஊருக்குப் பொதுப்பணமாகவும் இருந்தது.

4. மணியும் ஒலிபெருக்கியும். கடலோர ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே ஆள்கள் கரைக்கு வந்துவிடுவார்கள்.

இவற்றில் எதையும் வெள்ள நிவாரணத்துக்காக யாரும் உருவாக்கவில்லை. எல்லாமே கடல்தொழிலின் ஆபத்தை ஊர் சமாளிப்பதற்காக வளர்ந்தவை.

படகின் கதை

மீட்புக்குச் சென்றவை பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்த, வெளிப்பொருத்து எஞ்சின் மாட்டிய வள்ளங்கள். இந்தப் படகுகளுக்குப் பின்னாலும் திருச்சபையின் சமூகப் பணிக்கு ஓர் இடம் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

1960களில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற புதுக் குடியிருப்பை மறைமாவட்டம் உருவாக்கியது. அங்கே தங்கிப் பணியாற்றிய சமூகப் பணியாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மீனவர்களின் வறுமைக்கு மீன் குறைவு முதற்காரணம் அல்ல. கரையில் ஏலத்தைக் கையில் வைத்திருந்த தரகரும் அவரிடம் வாங்கிய கடனுமே காரணம். 1970இல் மரியநாட்டு மீனவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மீனைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். தரகர்களோடு மோதல்கள் வந்தன, ஆனாலும் சங்கம் நிலைத்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்க, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ஏறத்தாழ அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி பியர் ஜில்லே, கட்டுமரத்தில் தொழில் செய்தவர்களுக்காக ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்துக் கட்டச் செய்தார். கூட்டமைப்பு பின்னர் இத்தகைய படகுகளைத் தன் சொந்தக் கூடங்களில் கட்டித் தந்தது, எஞ்சின் பழுதுபார்த்தது, கடன் கொடுத்தது.

சிறு மீனவரிடம் சொந்தப் படகும் எஞ்சினும் இருந்ததற்கும், பழுதானால் அவரே கழற்றி மாட்டத் தெரிந்ததற்கும் இந்த ஐம்பதாண்டு உழைப்பும் ஒரு காரணம். படகுகள் எல்லாமே ஒரு சில விசைப்படகு முதலாளிகளிடம் இருந்திருந்தால், வெள்ளத்தன்று அவர்களுடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 15 இரவும் அடுத்த நாள்களும்

ஆகஸ்ட் 14 நள்ளிரவுக்குப் பின் ரான்னிக்குள் பம்பை நுழைந்தது. பத்தனம்திட்ட மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது; எனவே படகும் கிடையாது. மாவட்ட நிர்வாகம் பக்கத்து மாவட்டமான கொல்லத்திடம் படகு கேட்டது. கொல்லத்தின் வாடி, நீண்டகரைப் பகுதிகளிலிருந்து முதல் படகுகள் கிளம்பின. அடுத்தடுத்து வேண்டுகோள்கள் பெருக, திருவனந்தபுரத்தின் விழிஞ்ஞம், பூந்துறை முதலிய ஊர்களிலும் கோயில் ஒலிபெருக்கிகள் பேசின. பங்குத்தந்தைகள் ஊருக்கு ஊர் தொலைபேசியில் பேசி, எத்தனை படகு, எத்தனை ஆள் என்று பட்டியல் எடுத்தார்கள். மீன்வளத் துறையும் போலீஸும் லாரிகளை அனுப்பின.

படகை லாரியில் ஏற்றுவது சொல்வதுபோல எளிதல்ல. முதலில் எஞ்சினைக் கழற்றி, சாயாதபடி தனியே வைக்க வேண்டும். படகை இருபதுக்கு மேற்பட்டோர் தோள்கொடுத்துத் தூக்க வேண்டும். இருபத்தைந்து அடிக்குக் குறையாத படகு லாரியின் தளத்துக்குள் அடங்காது. பின்பகுதி வெளியே நீண்டுகொண்டிருக்கும். அடியில் டயரோ பழைய வலையோ வைக்காவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடியிழை அடிவாங்கி வெடிக்கும். எரிபொருள் கேன்கள், கயிறு, துடுப்பு, உடுத்த துணி. தொட்டுப் பழகிய வேலை என்பதால் கொட்டும் மழையிலும் இருட்டிலும் இது முடிந்தது.

போய்ச் சேர்ந்தபின் எதிர்கொண்டது கடல் அல்ல. தெருக்கள் ஆறாகியிருந்தன. தண்ணீருக்கடியில் மதில்கள், இரும்பு வாயிற்கதவுகள், கார்கள், திறந்த கிணறுகள். தலைக்கு மேலே மின்கம்பிகள். ரப்பர் படகுகள் கதவுக் கம்பியில் உரசிக் கிழிந்தன. சில இடங்களில் நீரோட்டத்தை எதிர்த்து அவற்றால் முன்னேற முடியவில்லை. கனத்த வள்ளங்கள் மதிலில் மோதினாலும் தாங்கின. அலையைக் குறுக்கே வெட்டிப் பழகியவர்களுக்கு வளைவில் சுழித்துவரும் ஆற்று நீரை மதிப்பிடத் தெரிந்திருந்தது. தெரியாதது வழி. ஆகவே ஒவ்வொரு படகிலும் உள்ளூர் இளைஞர் ஒருவர் ஏறி, எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று காட்டினார். உலகின் வேறு மூலைகளில் இருந்த பிள்ளைகள் பெற்றோரின் முகவரியை இணையத்தில் பதிய, அது பல கைகள் மாறி இந்த இளைஞரின் கைபேசிக்கு வந்துசேர்ந்தது.

மீன்வளத் துறையின் கணக்குப்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், ஏறத்தாழ 65,000 பேர் மீட்பு. சராசரி பார்த்தால் ஒரு படகுக்கு ஏழு பேர் போய், சுமார் நூறு பேரைக் கரைசேர்த்திருக்கிறார்கள். முதல்வர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்த இராணுவம் என்றார்.

இந்த எண்ணிக்கை முழுவதையும் திருச்சபையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பொன்னானி, தானூர் கடற்கரைகளின் முஸ்லிம் மீனவர்களும், ஆலப்புழைக் கரையின் தீவரர் என்ற இந்து மீனவச் சமூகத்தாரும் தங்கள் பள்ளிவாசல்கள், ஊர்ச்சபைகள், தொழிற்சங்கங்கள் வழியாகக் கிளம்பினார்கள். மலப்புறம் மாவட்டம் வேங்கரையில் ஒரு முஸ்லிம் மீனவர் தண்ணீரில் கைகால் ஊன்றிக் குனிந்து, தன் முதுகைப் படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிய காணொளியை நாடே பார்த்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 58 குழுக்களும் கடற்படையும் வேலை செய்தன. லாரியும் எரிபொருளும் அரசு வழியாக வந்திராவிட்டால் பங்குகளின் படகுகள் பெரும்பாலும் கரையிலேயே நின்றிருக்கும். பங்கு செய்தது இதுதான்: அரசின் அழைப்புக்கும் மீனவரின் வீட்டு வாசலுக்கும் இடையே இருந்த தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்தது. அந்த இடைவெளியில்தான் எல்லாப் பேரிடர்களிலும் உயிர்கள் போகின்றன.

ஒக்கி கற்றுக்கொடுத்தது

ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் இதே ஊர்கள் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தன. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் தாக்கியபோது நூற்றுக்கணக்கான படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை உரிய நேரத்தில் கரைக்கு வரவில்லை. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் சேர்த்து இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் முந்நூறு பேருக்கு மேல். தேடுதல் போதவில்லை என்று பொறுமையிழந்த பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே கடலுக்குப் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் பங்குத்தந்தைகளோடு தண்டவாளத்தில் அமர்ந்தார்கள்.

அந்த வாரங்களில் பங்குகள் செய்த முக்கியமான வேலை கணக்கெடுப்பு. வீடு வீடாக விசாரித்து, எந்தப் படகில் யார் யார் என்று ஊர்வாரியாகப் பட்டியல் தயாரித்தார்கள். அரசின் எண்ணிக்கையும் பங்குகளின் எண்ணிக்கையும் முரண்பட்டதால் அந்தப் பட்டியல் ஒரு வழக்காவணம் போலவே ஆகிவிட்டது. படகுகளை ஒருங்கிணைத்து அனுப்புவது, ஊர்களுக்கிடையே தகவல் மாற்றுவது, அதிகாரிகளோடு பேசுவது என எல்லாம் அப்போதே பழகிவிட்டன. 2018 ஆகஸ்டில் அழைப்பு வந்தபோது யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உதவி வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அந்த ஊர்களுக்குத் தெரியும். தங்களைத் தேடி வராத ஓர் உதவியை அவர்கள் முன்பின் தெரியாத ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இதைப் பாராட்டுவதற்கு முன்னால் அதன் கனத்தை உணர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அயலார் யார்

படகில் போனவர்களும் மாடியில் காத்திருந்தவர்களும் ஒரே சபையினர் என்று வெளியூர் வாசகர்கள் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. செங்ஙன்னூர், ஆறன்முளைப் பகுதிகளின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் சிரிய வழிபாட்டு மரபைச் சேர்ந்தவர்கள். நிலமும் கல்வியும் வெளிநாட்டு வருமானமும் உள்ளவர்கள். லத்தீன் மீனவர்களோடு மண உறவோ கோயில் உறவோ வைத்துக்கொள்ளாதவர்கள். நாயர், ஈழவர், தலித் குடும்பங்களும் அங்கே உண்டு. கடற்கரைக்காரர் என்றால் முரடர், சுத்தமில்லாதவர் என்ற எண்ணம் உள்நாட்டில் ஆழமாகவே இருந்தது. வெள்ளத்தின் நடுவிலும் அது முழுதாகக் கரையவில்லை. வந்திருப்பது கிறிஸ்தவர்களின் படகா என்று கேட்டு ஒரு பிராமணக் குடும்பம் முதலில் ஏற மறுத்ததாகவும், பிறகு தங்களைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏறியதாகவும் கொல்லத்திலிருந்து சென்ற மீனவர் ஒருவர் ஊடகங்களிடம் சொன்னார். அவர்களையும் அவர் கரைசேர்த்தார்.

ஆகவே தன் மக்களுக்குத் திருச்சபை செய்த நிவாரணம் என்று இதை வகைப்படுத்துவது தவறு. ஏழைப் பங்குகள் தங்கள் தொழில்முதலை எடுத்துக்கொண்டு போய், தங்களைவிட வசதியானவர்களை மீட்டன. நிவாரணம் என்ற சொல்லுக்கு நாம் பழகிய திசைக்கு நேர் எதிரான திசை இது.

புகலிடங்களின் வரம்பு

வெள்ள நாள்களில் கேரளத்தில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் முகாம்களில் தங்கினார்கள். பள்ளிகள் போதாமல் கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், திருமண மண்டபங்கள் திறக்கப்பட்டன. திருச்சூர் மாவட்டம் மாளைக்கு அருகே பள்ளிவாசல் நீரில் மூழ்கியிருந்ததால், பக்ரீத் தொழுகைக்காக ஓர் அம்மன் கோயில் தன் மண்டபத்தைக் கொடுத்தது.

ஆனால் வழிபாட்டிடம் என்பதாலேயே ஒரு கட்டடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. வடக்குப் பறவூருக்கு அருகே வடக்குக் குத்தியதோட்டில் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த தேவாலய வளாகத்தில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து ஆறு பேர் இறந்தார்கள். கேரளத்தில் ஆற்றங்கரைத் தேவாலயங்கள் பல, படகே வாகனமாக இருந்த காலத்தில் நீரோரம் பார்த்துக் கட்டப்பட்டவை. அவற்றைப் புகலிடப் பட்டியலில் சேர்க்கும் முன் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. பங்கின் பதிவேட்டில் இல்லாதவர்கள் பங்கின் கண்ணுக்கு எளிதில் படமாட்டார்கள். புலம்பெயர்ந்த வடமாநிலத் தொழிலாளர்கள், ஊரில் தனித்துவிடப்பட்டவர்கள், ஊர்க்கட்டுப்பாட்டோடு முரண்பட்டவர்கள் இந்த வகை. வீட்டுக்கு வீடு தெரிந்த அமைப்பின் பலம் எதுவோ, அதுவே அதன் குறையும்கூட. ஆகவே அரசின் கணக்கெடுப்புக்குப் பங்கின் பட்டியல் துணையாகலாம், மாற்றாகாது.

பிறகு நடந்தவை

அரசு படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம் என்று பலர் மறுத்தார்கள். சேதமான படகுகளைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்பதாக அரசு சொன்னது. ஆகஸ்ட் 29 அன்று தலைநகரில் பாராட்டு விழா நடந்தது. கடலோரக் காவல் பணிக்கு மீனவ இளைஞர்களை வார்டன்களாக எடுக்கும் திட்டம் வந்தது. கேரள மீனவர்களை 2019ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசுக்கு சசி தரூர் பரிந்துரைத்தார்.

அதே நேரத்தில் திருவனந்தபுரத்தின் வலியதுறையில், கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் ஒரு பழைய சிமெண்டு கிடங்கில் துணித் தடுப்புகளுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தது. விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானம் அரிப்பை அதிகமாக்குகிறது என்று மீனவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அரசும் துறைமுக நிறுவனமும் மறுத்தன. 2022இல் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் நான்கு மாதங்களுக்கு மேல் போராட்டம் நடந்தது. நவம்பர் இறுதியில் மோதல் வெடித்து விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் மோதல் தொடர்பாகப் போலீஸார் பதிந்த வழக்கில் பேராயர் தாமஸ் நெட்டோவின் பெயரே முதலில் இடம்பெற்றது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மாநிலத்தின் சொந்த இராணுவம் எனப்பட்டவர்கள் எப்படி வளர்ச்சியின் எதிரிகள் எனப்பட்டார்கள் என்று அப்போது பலர் குழம்பினார்கள். மேலே சொன்னதைப் பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. படகுகளைத் திரட்டிய அதே அன்பியங்கள், அதே பேரவை, அதே ஒலிபெருக்கி துறைமுக வாசலுக்கும் மக்களைத் திரட்டின. காவல் நிலையத் தாக்குதலை நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஆபத்தில் கூட்டாக இயங்கும் ஓர் ஊர், தன் கரை கடலுக்குள் போகும்போது மட்டும் கூட்டாகப் பேசக் கூடாது என்று ஓர் அரசு எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

டிசம்பர் 6 அன்று பேச்சுவார்த்தைக்குப் பிறகு போராட்டம் நிறுத்தப்பட்டது. துறைமுகப் பணி தொடர்ந்தது. கடலரிப்பை ஆராயும் குழுவில் உள்ளூர்ப் பிரதிநிதி வேண்டும் என்ற மீனவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வீடிழந்த குடும்பங்களுக்கு, நிரந்தர வீடு கிடைக்கும் வரை மாதம் 5,500 ரூபாய் வாடகை என்று முடிவானது.